தடம் தெரியாத வெட்டு

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ‘முதல் உலகப் போரில் பிரான்சின் படப் பத்திரிகைகள் போரைக் காட்டினவா, மறைத்தனவா?’ என்பது தலைப்பு. மறைத்தன என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய அம்மா ‘எக்செல்சியோர்’ நாளிதழை மனமாரப் புகழ்ந்தார்கள். 1910-ல் பியேர் லஃபித் தொடங்கிய அந்த இதழ் முதல் பக்கத்தையே புகைப்படங்களுக்குக் கொடுத்தது; எழுத்துக்கூட்டத் தெரியாதவருக்கும் அது புரியும் என்றார்கள். நானும் ஒப்புக்கொள்கிறேன். என் பயமும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியதும் தணிக்கை வந்துவிட்டது. கட்டுரையில் ஒரு பத்தியை வெட்டினால் அந்த இடம் வெள்ளையாகவே அச்சாகும். கத்தரிக்கோல் ஏந்திய அந்தத் தணிக்கைக்கு ‘அனஸ்தாசி’ என்று பெயரே உண்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அது. சோறு மேடு தட்டும். காலையில் பத்திரிகையைப் பிரித்தவர் ‘இங்கே எதையோ எடுத்துவிட்டார்கள்’ என்று கண்டுகொள்வார்.

படத்தை நிறுத்தினால்? அந்த இடத்தில் இன்னொரு படம் வந்து உட்கார்ந்துவிடும். பதுங்குகுழியில் சூப் குடிக்கும் வீரர்கள், பதக்கம் குத்திவிடும் தளபதி. பக்கம் நிறைந்திருக்கும்போது குறையை யார் தேடுவார்?

1914 ஆகஸ்ட் 22. ஒரே நாளில் சுமார் 27,000 பிரெஞ்சு வீரர்கள் மடிந்தார்கள். அந்த நாட்டு ராணுவத்துக்கு அத்தனை சாவு விழுந்த நாள் வேறில்லை. மறுநாள் காலை எந்த முதல் பக்கம் அதைக் காட்டியது? 1915-ல் ராணுவம் தனக்கென்றே புகைப்படப் பிரிவு தொடங்கியது. எடுப்பவரும் ராணுவம், எதை வெளியே விடலாம் என்று சொல்பவரும் ராணுவம். 1917-ல் வடக்குப் பிரான்சின் ஷெமாந்தே தாம் மேட்டில் பிரெஞ்சு ராணுவத்தின் தாக்குதல் தோற்று, அதன் ஏறக்குறைய பாதி டிவிஷன்களில் (பெரும் படைப்பிரிவுகளில்) வீரர்கள் ‘இனி முன்னேற மாட்டோம்’ என்று நின்றார்களே, அந்த முகங்களில் ஒன்றாவது அச்சேறியதா?

‘ல மிரோவார்’ வார இதழ் போர்ப் படங்களுக்கு என்ன விலையும் தருவதாக அறிவித்து, பிணங்களைக்கூட அச்சிட்டதே என்று எதிரணி கேட்கலாம். அச்சிட்டது. பெரும்பாலும் ஜெர்மானியப் பிணங்கள். எதிரி செத்துக் கிடப்பதைக் காட்டுவது போரைக் காட்டுவதாகுமா, நடுவர் அவர்களே?

அந்தப் படங்களைக் கிட்டே வைத்துப் பாருங்கள். மை புள்ளி புள்ளியாகப் பிரியும், கண்ணும் மூக்கும் கரைந்துவிடும். மகனிடமிருந்து கடிதம் வராத ஒரு தாய், சூப் குடிக்கும் அந்தக் கூட்டத்தில் அவன் இருக்கிறானா என்று தேடுவாள். இருப்பதுபோலத் தோன்றும். வெள்ளைக் கட்டத்தைப் பார்த்திருந்தால் அவளுக்குச் சந்தேகமாவது வந்திருக்கும். அந்தச் சந்தேகத்தைப் பறித்த பத்திரிகை போரைக் காட்டியது என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள் ஐயா. நன்றி, வணக்கம்.