இரண்டாவது பொட்டலம்

அனைவருக்கும் வணக்கம்.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஒரு பொருளை விற்பது ஒரு வேலை. அவர்களுக்கு உதவுவது வேறொரு வேலை. இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். இந்தியாவின் 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் இதைப் பிரித்தே வைத்திருக்கிறது. 135ஆம் பிரிவின் வரம்புக்குள் வரும் நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். வழக்கமான வணிகச் செலவை அதில் எழுத முடியாது. இப்படிச் சட்டம் இல்லாத நாட்டிலும் இந்தப் பிரிவினை தேவை. சமூகப் பொறுப்பு நிதியைப் போட்டு விலையைக் குறைத்தால், மக்கள் பொருளுக்காக வாங்குகிறார்களா, மலிவுக்காகவா என்பது தெரியாமலே போகும். நிதி நின்ற மாதம் விற்பனையும் நிற்கும். பொருளை நம்பத் தொடங்கிய குடும்பம் தவித்துப்போகும்.

விலை மட்டுமே தடை என்று எண்ணுவது பெரும் பிழை. புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் கொண்டுவந்த, அழுக்கு நீரைக் குடிநீராக்கும் பொடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பொட்டலம் 10 லிட்டருக்கு. கொட்டி 5 நிமிடம் கலக்க வேண்டும், 5 நிமிடம் தெளியவிட வேண்டும், பருத்தித் துணியால் வேறு பாத்திரத்தில் வடிகட்டி 20 நிமிடம் பொறுக்க வேண்டும். இரும்பு சல்பேட் அழுக்கைத் திரட்டிப் படியவைக்கும். குளோரின் கிருமியைக் கொல்லும். பொடி நன்றாகவே வேலை செய்தது. ஆனால் வணிகமாக நிலைக்கவில்லை. பின்னர் லாப நோக்கமற்ற திட்டமாக மாறியது. இரண்டு பெரிய பாத்திரம், சுத்தமான துணி, தினமும் அரை மணி நேரம். கூலி வேலைக்குப் போய்வரும் ஒரு தாய்க்கு அந்த அரை மணியும் விலைதான். வராமல் போன நோயை யாராலும் கண்ணால் பார்க்க முடியாது என்பதும் சேர்ந்துகொள்கிறது.

மாறாக, 1998இல் மெக்சிகோவில் செமெக்ஸ் என்ற சிமெண்ட் நிறுவனம் தொடங்கிய வீடு கட்டும் திட்டம் வருமானம் வரும் விதத்தை உற்றுப் பார்த்தது. வாரக் கூலி வாங்குபவரிடம் வாரத் தவணை. மூன்று குடும்பங்கள் சேர்ந்த குழு. ஏறத்தாழ 70 வாரம். சிமெண்டும் கம்பியும் கட்டங்கட்டமாக வரும், விலை இடையில் ஏறாது, கட்டும் முறைக்கு ஆலோசனையும் உண்டு. மொத்தமாக வாங்கிவைத்த சிமெண்ட் ஈரத்தில் இறுகி வீணாவது இதனால் குறைகிறது. கடன், கிடங்கு, ஆலோசனை எல்லாம் பொருளோடு சேர்ந்தே போயின.

அடுத்து விநியோகம். வீடு வீடாக விற்கும் முகவருக்கு நாளுக்கு 300 ரூபாய் கிடைக்க வேண்டும், ஒரு பொட்டலத்துக்கு அவருடைய கமிஷன் 2 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 150 பொட்டலம் விற்றாக வேண்டும். நாளுக்கு 40 வீடு ஏறினால், வீட்டுக்கு ஏறக்குறைய 4. ஒரே பொருளை வைத்துக்கொண்டு இது நடக்காது. பல பொருள் உள்ள கூடை வேண்டும், அல்லது ஏற்கெனவே மக்கள் போய்வரும் கடை வழியே விற்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் பெண்களை முகவர்களாக்கி, கடனில் சரக்கை அவர்கள் தலையில் கட்டுவது அநியாயம்.

சோதனை விற்பனையில் முதல் கொள்முதலை எண்ணாதீர்கள். விளம்பரமும் இலவச மாதிரியும் அதைக் கூட்டிவிடும். களப்பணியாளர்களைத் திரும்ப அழைத்துக்கொண்ட பிறகு, முழு விலையில், அதே வீடு இரண்டாவது பொட்டலத்தையும் நான்காவது பொட்டலத்தையும் வாங்கியதா என்று பாருங்கள். வாங்காவிட்டால் பாத்திரமா, நேரமா, தவணையா என்று வீடு வீடாகக் கேளுங்கள். அதற்குப் பிறகும் விற்காத, ஆனால் உயிர்காக்கும் பொருளாக இருந்தால், அதைச் சமூகப் பொறுப்புக் கணக்குக்கு மாற்றி இலவசமாகவே கொடுங்கள்.