முதலில் அழிவது இருட்டு

(மதுரையில் திரைப்பட ரசிகர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் மன்றத் தலைவர் ஐயா அவர்களே, பள்ளித் தேர்வு வேலைகளுக்கு நடுவிலும் வந்து முன்னிலை வகிக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, இந்த அரங்கை வாடகை வாங்காமல் தந்த நூலகர் அவர்களே, நாற்பது ஆண்டுகள் புரொஜெக்டர் அறையின் வெக்கையில் நின்று நமக்குப் படம் காட்டிய ஆபரேட்டர் பெரியவர் அவர்களே, இன்றும் ஒற்றைத் திரையோடு அரங்கு நடத்திக்கொண்டிருக்கும் உரிமையாளர் ஐயா அவர்களே, வாசல்வரை நிற்கும் ரசிகப் பெருமக்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். ஆபரேட்டர் ஐயாவுக்கு முதலில் பொன்னாடை போர்த்திய பிறகே கூட்டத்தைத் தொடங்கியதற்காக மன்றத்தாருக்குத் தனியாக ஒரு நன்றி. தமிழ்நாட்டு மேடைகளில் நடிகருக்குப் பொன்னாடை உண்டு, இயக்குநருக்கு உண்டு. ரீல் மாற்றியவருக்கு இன்றுதான் பார்க்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘திகில் படங்களும் ரசிகனும்’. மூன்று செய்திகள் சொல்ல எண்ணம். ஒன்று, திகில் படத்தில் இருட்டின் வேலை. இரண்டு, மௌனத்தின் வேலை. மூன்று, பேய்ப்படத்துக்குள் நகைச்சுவை புகுந்த கதை.

‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்பது பழமொழி. இந்தக் கலைக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் கிடையாது. பேயைக் காட்டுகிறவர் சாதாரண இயக்குநர். நம்மை முதலில் அரள வைத்துவிட்டு, பிறகு வெறும் இருட்டைக் காட்டுகிறவர் தேர்ந்தவர். 1954-இல் ஏவி.எம். தயாரிப்பில் வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தைப் பாருங்கள். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. 1943-இல், ஜப்பான்காரன் குண்டு போடுவானோ என்று சென்னை நடுங்கிக்கொண்டிருந்த காலத்தில் நடக்கிற கதை. ரேடியோ இன்ஜினியர் ஒருவர் சுடப்பட்டுச் செத்துக் கிடக்கிறார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். மாருதி ராவின் ஒளிப்பதிவில் முகத்தின் ஒரு பாதிதான் வெளிச்சத்தில் இருக்கும். மறுபாதியில் அந்த ஆள் எதை மறைக்கிறார் என்பதை நாம் தேடிக்கொண்டே இருப்போம். முழு முகத்திலும் விளக்கடித்திருந்தால் அது வெறும் விசாரணைப் படம்.

பாலு மகேந்திரா 1980-இல் ‘மூடுபனி’ எடுத்தபோது ஜன்னல் வழியே வரும் வெளிச்சத்தையே பெரிதும் நம்பினார். அதற்கு இரண்டாண்டு முன் வந்த ‘சிகப்பு ரோஜாக்கள்’ படத்துக்கு நிவாஸ் செய்த ஒளிப்பதிவும் அப்படித்தான்: பங்களாவின் அழகு அப்படியே இருக்கும், அதன் மூலைகளில் மட்டும் அச்சம் தங்கியிருக்கும். இந்த மூன்று படங்களையும் பார்த்திராதவர்கள் திகில் படங்களைப் பற்றி வாதம் செய்ய வரக்கூடாது என்பது என் உறுதியான கட்சி.

இப்போது ஒரு கதை. கதையென்றாலும் நடந்தது. 1922, ஜெர்மனி. பிராணா ஃபிலிம் என்று ஒரு புதுக் கம்பெனி. முர்னாவ் என்ற இயக்குநர். பிராம் ஸ்டோக்கர் எழுதிய ‘டிராகுலா’ நாவலை உரிமை வாங்காமலே படமாக்கினார்கள். டிராகுலா பிரபுவுக்கு ஓர்லோக் என்று பெயர் மாற்றி, படத்துக்கு ‘நோஸ்ஃபெராட்டு’ என்று பெயர் வைத்து, மார்ச் 4 அன்று பெர்லினில் ஆடம்பரமாக வெளியிட்டார்கள். எழுத்தாளர் இறந்து பத்து ஆண்டு ஆகிவிட்டது, யார் கேட்கப் போகிறார்கள் என்ற துணிச்சல். ஆனால் லண்டனில் அவருடைய மனைவி ஃபுளோரன்ஸ் இருந்தார். யாரோ பெயர் சொல்லாமல் பெர்லின் காட்சியின் நிகழ்ச்சி நிரலை அந்த அம்மாவுக்குத் தபாலில் அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மா விடவில்லை. எழுத்தாளர் சங்கத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு வழக்குப் போட்டார். கம்பெனியோ திவாலாகிவிட்டது, பணம் பெயராது. சரி, பணம் வேண்டாம், படத்தை அழியுங்கள் என்றார். 1925-இல் தீர்ப்பு வந்தது: எல்லாப் பிரதிகளையும் அழிக்க வேண்டும்.

அழிந்ததா? இல்லை. அதற்குள் பிரதிகள் எல்லை தாண்டிவிட்டன. ஆனால் கதை இங்கே முடியவில்லை, ஆபரேட்டர் ஐயா இதைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து ஃபிலிமுக்கு இரவில் படம் பிடிக்கும் திறன் போதாது. அதனால் இரவுக் காட்சிகளைப் பட்டப்பகலில் எடுத்து, பிரிண்டை நீலச் சாயத்தில் முக்கினார்கள். நீலம் என்றால் இரவு. பின்னாளில் கள்ளப் பிரதி போட்டவர்கள் சாயத்தை விட்டுவிட்டுக் கறுப்பு வெள்ளையில் போட்டார்கள். என்ன ஆயிற்று? சூரிய வெளிச்சம் பட்டால் செத்துப்போகிற பேய், சவப்பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு பட்டப்பகலில் தெருவோடு நடந்து போகிறது! கிளைமாக்ஸில் அதே பேய் விடியல் வெளிச்சத்தில் கரைகிறது. பல பத்தாண்டுகள் உலகம் இந்தப் படத்தை இப்படித்தான் பார்த்தது. பாரிஸ் ஆவணக் காப்பகத்தில் இருந்த 1922-ஆம் ஆண்டுச் சாயப் பிரதியை அடிப்படையாக வைத்துப் பின்னாளில் சீரமைத்த பிறகுதான் இரவு மறுபடி இரவானது.

ஒரு பிரதி. சாயம் போகாத ஒரே ஒரு பிரதியை ஒருவர் பூட்டி வைத்திருந்ததால் ஒரு பேய்க்கு இருட்டு திரும்பக் கிடைத்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றோம். இருண்டதே இல்லையென்றால் எதைப் பார்த்து அரள்வது? நம் தமிழ்த் திகில் படங்களில் இப்போது அழிந்துகொண்டிருப்பது அந்த இருட்டுதான்.

எப்படி அழிகிறது என்று சொல்கிறேன். வண்ணப் பிரிண்டில் கறுப்பு என்று தனிச் சாயம் கிடையாது. மஞ்சள், மெஜந்தா என்ற ஊதாச் சிவப்பு, சயான் என்ற நீலப்பச்சை மூன்றும் சேர்ந்துதான் கறுப்பு. 1980களின் தொடக்கம்வரை வந்த ஈஸ்ட்மன்கலர் என்ற வண்ண ஃபிலிம் பிரிண்டுகளில், டப்பாவுக்குள் கிடந்தாலும் சயான்தான் முதலில் வெளுக்கும். சயான் போனால் கறுப்பு செம்பழுப்பாகும், நள்ளிரவு மாலை வெயிலாகும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வேறு நோய். பிரிண்டிலிருந்து பிரதி, அந்தப் பிரதியிலிருந்து இன்னொரு பிரதி என்று எடுக்க எடுக்க நிழலுக்குள் இருந்த நுணுக்கம் எல்லாம் ஒட்டி ஒரே கருமையாகிவிடும். அதை வீடியோவாக மாற்றிக் கோப்பின் அளவைக் குறைத்தால் இருண்ட இடம் கட்டம் கட்டமாக உடையும். அகன்ற திரைக்கான சினிமாஸ்கோப் படத்தைப் பழைய டி.வி. சட்டத்துக்கு வெட்டினால் அகலத்தில் 40 சதவீதத்துக்கு மேல் போய்விடும். திகில் படத்தில் கொலைகாரன் நிற்பது அந்த ஓரத்தில்தானே!

இன்னொன்று, இது நல்ல எண்ணத்தோடு செய்யும் கெடுதல். பகலில் எடுத்து இரவாக்கும் ‘டே ஃபார் நைட்’ முறையில், ஒளியைக் குறைத்து எடுத்துவிட்டு, மீதியை லேபில் கிரேடிங்கில், அதாவது பிரிண்ட் போடும்போது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வேலையில், இருட்டாக்குவார்கள். 1 முதல் 50 வரையான பிரிண்டர் லைட் எண்களில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு கணக்கைச் சீட்டில் எழுதியிருப்பார்கள். அந்தச் சீட்டு தொலைந்தபின், கேமராவில் ஓடிய மூல ஃபிலிமான நெகட்டிவை மட்டும் ஸ்கேன் செய்கிறவர், ‘காட்சி மங்கலாக இருக்கிறதே’ என்று வெளிச்சம் ஏற்றிவிடுகிறார். நோஸ்ஃபெராட்டுவின் கதை இங்கேயும் நடக்கிறது. ஆகவே நெகட்டிவ் மட்டும் போதாது. அந்தக் காலத்தில் ஓடிய ஒரு நல்ல பிரிண்டும் அந்தச் சீட்டும் கூடவே இருக்க வேண்டும். மௌனமும் அப்படித்தான். பழைய ஒலித்தடத்தின் இரைச்சலைக் கம்ப்யூட்டரில் துடைக்கும்போது அறைக்குள் இருக்கும் மெல்லிய காற்றோசையும் சேர்ந்து போய்விடுகிறது. கதவு திறப்பதற்கு முந்தைய அந்த ஓசை போனால் பயமும் போயிற்று. ஒலி நெகட்டிவ் தனி, பட நெகட்டிவ் தனி. ஒன்று தொலைந்தால் மற்றொன்று ஊமை அல்லது குருடு.

தமிழின் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’, 1931. இன்று ஒரு பிரதிகூட இல்லை. ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ படங்களின் நெகட்டிவ் இல்லை என்று பாலு மகேந்திராவே வருந்திப் பேசினார். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964 முதல் இருக்கிறது. அங்கேயே 2003 ஜனவரியில், எளிதில் தீப்பிடிக்கும் அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம்கள் தீயில் போயின. எல்லாவற்றையும் ஒரே ஊரை நம்பி வைக்கலாமா? தமிழ்ப் படங்களுக்குச் சென்னையில் அரசின் பொறுப்பில் ஒரு குளிர்க்கிடங்கு வேண்டும். வெப்பம் 5 டிகிரிக்குள், ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதம். நைட்ரேட்டுக்குப் பின் வந்த அசிடேட் ஃபிலிம் புதிதாக இருந்தாலே 21 டிகிரியில், 50 சதவீத ஈரத்தில் ஏறக்குறைய 40 ஆண்டில் கெடத் தொடங்கும் என்பது கணக்கு. நம் ஊர் வெயிலுக்கும் சென்னையின் உப்புக் காற்றுக்கும் அந்தக் காலம் எவ்வளவு சுருங்கும் என்று யோசியுங்கள். தங்கம் தியேட்டரையே இழந்த ஊர் இது. இழப்பு என்றால் என்ன என்று மதுரைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவதாகச் சொல்ல வந்ததை இன்னொரு மேடைக்கு வைத்துக்கொள்கிறேன். நூலகர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அவருடைய பொறுமைக்கு என் நன்றி. அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது.

அரங்கு உரிமையாளர் ஐயா, ஆபரேட்டர் ஐயா, உங்கள் இருவரையும் கேட்டுக்கொள்கிறேன். மூடிய தியேட்டர்களின் புரொஜெக்டர் அறைகளில், பரணில், விநியோகஸ்தர் குடோனில் டப்பாக்கள் கிடக்கும். எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கறுப்பு வெள்ளை ஃபிலிமிலிருந்து வெள்ளி எடுக்க வாங்கிப்போகிறவர்கள் எத்தனையோ படங்களைக் கரைத்துக் குடித்துவிட்டார்கள். டப்பாவைக் காற்றோட்டமான இடத்தில் வைத்துத் திறந்து பாருங்கள். ஊறுகாய் வினிகர் வாடை அடித்தால் அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது. அது பக்கத்து ரீலுக்கும் தொற்றும், அன்றே தனியாகப் பிரித்து வையுங்கள். வாடை வராவிட்டாலும் அமிலம் பட்டால் நிறம் மாறும் ஏ-டி என்ற சோதனைச் சீட்டை ஒருநாள் உள்ளே போட்டு மூடிப் பாருங்கள். நீலம் அப்படியே இருந்தால் நல்லது, பச்சையானால் எச்சரிக்கை, மஞ்சளானால் உடனே ஸ்கேன் செய்ய வேண்டும். துருப்பிடித்த டப்பாவை மாற்றுங்கள். உள்ளே சுற்றியிருக்கும் ரப்பர் பேண்டை எடுத்துவிடுங்கள். காகிதச் சீட்டை எடுத்து, எந்த ரீலுடையது என்று குறித்துத் தனி உறையில் பத்திரப்படுத்துங்கள், கிரேடிங் கணக்கு அதில்தான் இருக்கக்கூடும். பருத்திக் கையுறை போட்டு ஓரத்தை மட்டும் பிடியுங்கள். பூஞ்சை இருந்தால் ஈரத்துணி வேண்டாம், படத்தைத் தாங்கும் ஜெலட்டின் பூச்சு கரைந்து படமே வழிந்துவிடும். எக்காரணம் கொண்டும் புரொஜெக்டரில் மாட்டி ஓட்டிப் பார்க்காதீர்கள். சுருங்கிய ஃபிலிமின் ஓட்டைகள் பல்சக்கரத்தில் பொருந்தாமல் ஒரே நொடியில் கிழியும். 1950களின் தொடக்கத்துக்கு முந்தைய படமாக இருந்தால் நைட்ரேட்டாக இருக்கலாம். அருகில் பீடி, சிகரெட், ஹீட்டர் எதுவும் கூடாது. அது பற்றினால் தண்ணீராலும் அணையாது.

குளிர்க்கிடங்கு கேட்டு முதலமைச்சருக்கு எழுதிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. தலைமையாசிரியர் அம்மா முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். உங்களுக்குத் தெரிந்த மூடிய தியேட்டரின் பெயரை மனுவின் பின்பக்கத்தில் எழுதுங்கள், திறந்து பார்க்க வேண்டிய முதல் டப்பா அங்கேதான் இருக்கும். நன்றி, வணக்கம்.