ஏழாவது குட்டி

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்கா அவர்களே, முன்வரிசையில் மிக்சர் பொட்டலத்தைப் பிரிக்கத் தொடங்கிவிட்ட பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

குறையோடு பிறந்த நாய்க்குட்டியை வளர்ப்பவர் காப்பாற்றுவதா, போகவிடுவதா என்பது தலைப்பு. நான் காப்பாற்றுகிற கட்சி. எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா? தாயே ஒதுக்கித் தள்ளினால் அந்தக் குட்டி பிழைக்காது என்று அர்த்தம். இயற்கை எழுதிய தீர்ப்பில் நாம் ஏன் கைவைக்க வேண்டும்?" கைதட்டலையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஐயா, கோழி மிதித்துக் குஞ்சு சாகாமல் இருக்கலாம். நாய் படுத்துக் குட்டி சாகும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் குட்டி போடும் பெட்டிக்குள் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிச் சுற்றிலும் கட்டை அடித்து வைக்கிறார்கள். தாய் சாய்ந்து படுத்தாலும் அந்த இடுக்கில் குட்டி தப்பித்துக்கொள்ளும். கட்டை அடிக்கும்போது வராத இயற்கை, நோஞ்சான் குட்டி பிறந்ததும் மட்டும் எங்கிருந்து வருகிறது? எந்த ஆணோடு எந்தப் பெண்ணை இணை சேர்ப்பது என்று வீடு வீடாகப் போய்ப் பேசி முடித்ததும் நாம்தானே?

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். ராஜபாளையம் பெட்டை. ஆறு குட்டிகள் மளமளவென்று விழுந்தன. ஒரு மணி நேரம் கழித்து ஏழாவது. மளிகைக்கடைத் தராசில் வைத்தால் 230 கிராம். மற்றவை எல்லாம் 400-ஐத் தாண்டியவை. தாய் ஒருமுறை நக்கிப் பார்த்துவிட்டு மூக்கால் ஓரமாகத் தள்ளிவிட்டாள். பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்தார். "வாளியில தண்ணி புடிச்சு வை தம்பி, அஞ்சு நிமிஷ வேலை" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவர் காலத்து வழக்கம் அது.

என் அம்மா அந்தக் குட்டியை எடுத்தார். தொட்டால் சில்லென்று இருந்தது. பால் கொடுக்கலாமா என்று நான் சங்கை எடுத்தேன். "வைடா அதை" என்றார். பிறந்த குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ளத் தெரியாது. குளிர்ந்துபோன குட்டிக்குப் பாலைப் புகட்டினால் வயிறு வாங்காது, நெஞ்சுக்குள் இறங்கிவிட்டால் முடிந்தது. சேலை மடிப்புக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் உள்ளேயிருந்து ஒரு 'கீச்'. கொண்டுபோய்ப் பின்காம்பில் வைத்தோம். தாய் இந்த முறை தள்ளவில்லை. கத்தாத, சூடில்லாத குட்டியைத்தான் அவள் தள்ளினாள். அன்றைக்கே சீம்பால் உள்ளே போய்விட்டது. ஒரு வாரம் அட்டைப்பெட்டி, 60 வாட் குண்டு பல்பு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அலாரம். தினமும் எடை போட்டு நோட்டில் எழுதினோம். நான்காம் நாள் எடை ஏறவே இல்லை. அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

இப்போது எதிரணிக்கு ஒரு செய்தி சொல்கிறேன், சந்தோஷப்படுவார்கள். அந்தக் குட்டிக்குக் காது கேட்காது.

தட்டுச் சத்தத்துக்கு மற்றவை ஓடிவந்தபோது இது மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது, ஆறாவது வாரத்தில். நம் ராஜபாளையத்துக்கு மாசில்லாத வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் அழகு என்று வைத்துவிட்டோம். வெள்ளைக் குட்டிக்கு நிறம் தருகிற அணுக்கள் குறைவு; அந்த அணுக்கள் உட்காதிலும் வேலை செய்ய வேண்டியவை. அங்கே அவை இல்லாவிட்டால் பிறந்து மூன்று நான்கு வாரத்தில் கேட்கும் நரம்பணுக்கள் பட்டுப்போகும். வெள்ளையில் கரும்புள்ளி போட்ட டால்மேஷன் நாயிலும் இதே கதை; அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தவற்றில் ஏறக்குறைய 100-க்கு 30 நாய்களுக்கு ஒரு காதாவது கேட்கவில்லை. ஐந்து வாரம் ஆன பிறகுதான் கருவி வைத்துச் சோதிக்கவே முடியும்.

நடுவர் அவர்களே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள். மாமா முதல் நாளில் கண்ட குறை எடை. அது குறையே இல்லை, இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டது. நிஜமான குறை அன்றைக்கு யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. பிறந்த அன்றே தீர்ப்பு எழுதுகிறவர் எதைப் பார்த்து எழுதுகிறார்? எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. முப்பதாம் நாளிலேயே கைமாற்றிவிடுகிறார்களே, வாங்கியவர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, 'திமிர் பிடித்த நாய்' என்று அடிக்கிறாரே, அந்தக் குறை யார் கணக்கில்?

"காப்பாற்றினால் இனம் கெடும்" என்றார் இரண்டாவதாகப் பேசிய அண்ணன். இனம் கெடாமல் இருக்கக் கருத்தடை போதும். குட்டி வாழட்டும், குட்டி போட வேண்டாம். அதன் தாய் தகப்பனையும் மறுபடி சேர்க்காதீர்கள். வெள்ளை அல்லாத குட்டிகளை ஒரு காலத்தில் ராஜபாளையத்தில் கழித்துவிடுவார்கள். காது கேட்க வாய்ப்பு அதிகமுள்ள குட்டியைக் கொன்றுவிட்டு, வெள்ளைக்கு வெள்ளை சேர்த்தோம்! சீமையிலும் இதே கூத்துதான். ரொடீசியன் ரிட்ஜ்பேக் என்று ஒரு நாய். முதுகில் எதிர்த்திசையில் முடி வளர்ந்து ஒரு வரி இருக்கும். வரி இல்லாத குட்டியைச் சிலர் கொன்றார்கள். 2008-ல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வெளியாகிப் பெரிய சண்டையானது. முதுகுத்தோலிலிருந்து உள்ளே புரையோடுகிற நோய் வருவது அந்த வரியை உண்டாக்கும் மரபணுவால் என்று அதற்கு முந்தைய வருடமே கண்டுபிடித்திருந்தார்கள். கொல்லப்பட்டது நல்ல குட்டி.

எதிரணி அக்கா பேசியபோது மட்டும் நான் குறிப்பெடுக்கவில்லை, தலைகுனிந்து கேட்டேன். மேலண்ணம் பிளந்த குட்டியைப் பற்றிச் சொன்னார். குடித்த பால் மூக்கு வழியாக வரும். அறுவை சிகிச்சைக்கு மூன்று நான்கு மாதம் வளர வேண்டும், அதுவரை குழாய் வழியாகத்தான் உணவு. சிலரால் முடியும், எல்லா வீட்டிலும் முடியாது, எல்லாக் குட்டிக்கும் முடியாது. குடல் வெளியே தள்ளிப் பிறக்கிற குட்டியும் உண்டு. அங்கே நான் வீம்பு பிடிக்கமாட்டேன் அக்கா. மாட்டாஸ்பத்திரி டாக்டர் பார்த்து, வலி தீராது என்று சொன்னால், அவர் கையால் ஊசி போடட்டும். மீளாத வேதனைக்கு 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடைச் சட்டமே அந்த வழியை வைத்திருக்கிறது. கொடூரமாகக் கொல்வதை அதே சட்டம் குற்றம் என்கிறது. வாளி எந்தப் பக்கம் வரும் என்று நீங்களே சொல்லுங்கள். வலிக்கிறதா, தேறுமா என்று குட்டியைப் பார்த்து முடிவெடுங்கள். "இது விலைபோகாதே" என்று பார்த்து எடுத்த முடிவுக்குக் கருணை என்று பெயர் வைக்காதீர்கள். அதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

எங்கள் வெள்ளைச்சிக்கு இப்போது ஒன்பது வயது. கை அசைத்தால் வருவாள், உள்ளங்கையைக் காட்டினால் உட்காருவாள். கேட் திறக்கிற சத்தம் கேட்காது. ஆனால் நடையில் ஆள் கால் வைத்தால் தரை அதிர்வில் எழுந்துவிடுவாள். தீபாவளிக்குத் தெருவில் எல்லா நாயும் கட்டிலுக்கடியில். இவள் மட்டும் திண்ணையில்.

மணி அடித்துவிட்டார்கள். எனக்குக் கேட்கிறது நடுவர் அவர்களே. அவளாக இருந்தால் மேடையைத் தட்டியிருக்க வேண்டும். அமர்கிறேன்.