ஆறு மாதம் நிறைந்த பிள்ளைக்குத் தடிப்பான மசியல்

நேயர்களுக்கு வணக்கம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கைக்குழந்தை இருக்கும் வீடுகளில், அடுப்பில் ஒரு கண்ணும் வானொலியில் ஒரு காதுமாக இருக்கும் தாய்மாரையும் அம்மம்மாமாரையும் உம்மம்மாமாரையும் மனத்தில் வைத்தே இன்று பேச வந்திருக்கிறேன். குடும்பநல உத்தியோகத்தராக இப்பகுதிக் கிராமங்களில் பணியாற்றிய காலம் முழுவதும் நான் ஓயாமல் சொல்லிவந்த விடயம் ஒன்றுதான். பிள்ளைக்குக் கொடுக்கும் முதல் உணவு தடிப்பாக இருக்க வேண்டும். அதற்கு வேண்டியதெல்லாம் நம் வீட்டுச் சட்டியிலேயே இருக்கிறது.

மசியல் என்று நான் சொல்வது மரக்கறியையோ பருப்பையோ மீனையோ நன்றாக அவித்து மசித்து எடுப்பதை. பிள்ளை அதை விரலால் தொட்டு நக்க வேண்டும்; எட்டு மாதமளவில், அவித்த வற்றாளங்கிழங்குத் துண்டொன்றை அதில் தோய்த்துத் தானே சப்பவும் வேண்டும். அந்தப் பதம் வந்தால் போதும்.

பிள்ளைக்கு ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பால் மட்டுமே உணவு, தண்ணீர்கூடத் தேவையில்லை. ஆறு மாதமாகும்போது, கருவில் இருந்தபோது உடலில் சேர்ந்த இரும்புச்சத்து குறையத் தொடங்குகிறது. தாய்ப்பாலில் வரும் சிறிதளவு இரும்பு அதை ஈடுசெய்யாது. அதனால்தான் அந்த வயதில் வேறு உணவு தொடங்குகிறோம். தாய்ப்பாலை நிறுத்துவதற்காக அல்ல. அது இரண்டு வயதுக்கும் அப்பாலும் தொடரலாம். பிள்ளை தலையை நிமிர்த்தி வைத்திருக்கிறதா, சாய்மானத்துடன் உட்காருகிறதா, நாம் உண்ணும்போது எட்டிப் பார்க்கிறதா என்பதையும் பாருங்கள்.

இனித் தடிப்புக்கு வருகிறேன். பிள்ளையின் இரைப்பை மிகச் சிறியது. உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் என்று கணக்கிட்டால், ஏழு கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு ஒரு வேளையில் 210 மில்லிலீற்றர் அளவே கொள்ளும். ஆறு மாதம் முதல் எட்டு மாதம் வரையான பிள்ளைக்குத் தாய்ப்பாலுக்கு மேலதிகமாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரி தேவைப்படுகிறது. தாய்ப்பாலிலேயே 100 மில்லிலீற்றரில் 65 முதல் 70 கலோரி வரை இருக்கிறது. வடித்த கஞ்சித் தண்ணீரில் அந்த அளவுகூடக் கிடையாது. ஆகவே, கஞ்சித் தண்ணீரால் வயிற்றை நிரப்பும் ஒவ்வொரு முறையும், அதைவிட நல்ல உணவான தாய்ப்பாலுக்கு உரிய இடத்தைத்தான் பறித்துக்கொள்கிறோம்.

களுவாஞ்சிகுடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கண்டதைச் சொல்கிறேன். நம் கிழக்கில் மகள் கலியாணம் செய்த பிறகும் தாய்வீட்டோடேயே இருப்பது வழக்கம். எனவே பேரப்பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்பதைப் பெரும்பாலும் அம்மம்மாவே தீர்மானிப்பார். அந்த அம்மம்மாவைப் போலப் பிள்ளையைப் பார்த்துப் பார்த்து வளர்த்தவரை நான் அதிகம் கண்டதில்லை. சோற்றைக் குழைய வேகவைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து வடித்து, சூப்பியின் துளையை ஊசியால் பெரிதாக்கி, நேரம் தவறாமல் போத்தலில் கொடுத்து வந்தார். ஆனால் கிளினிக்கில் தந்த பதிவேட்டில் பிள்ளையின் நிறைக்கோடு ஏறாமல் படுத்துக் கிடந்தது. நான் கேட்டபோது, "தண்ணியா இருந்தாத்தான் மிஸ் புள்ளைக்கு இறங்கும்" என்றார்.

அப்போது அடுப்பில் பூசணிக்காய்ப் பாற்கறி கொதித்துக்கொண்டிருந்தது. மிளகாயும் உப்பும் இன்னும் போடவில்லை. அதிலிருந்து நான்கு துண்டுகளை ஒரு கோப்பையில் எடுத்து, வெந்த பயற்றம்பருப்பில் ஒரு கரண்டியைச் சேர்த்து, கரண்டியின் முதுகால் கட்டியில்லாமல் மசித்து, மேலே ஒரு தேக்கரண்டி தேங்காய்ப்பால் விட்டுக் குழைத்தேன். பிறகு அந்தத் தேக்கரண்டியை அவர் கண்முன்னே மெதுவாகச் சரித்துக் காட்டினேன். மசியல் வழியவில்லை, கரண்டியோடு ஒட்டி நின்றது. அதே கரண்டியில் அவருடைய கஞ்சியை எடுத்துச் சரித்ததும் அது ஓடிவிட்டது. பிள்ளை அதற்குள் கோப்பைக்குள் கையை விட்டு, மணிக்கட்டு வரை மஞ்சளாக்கிக்கொண்டு விரல்களை நக்கத் தொடங்கிவிட்டது. அடுத்தடுத்த கிளினிக் நாட்களில் அந்த நிறைக்கோடு மேலே திரும்பியது. அந்த அம்மம்மா அயல்வீடுகளுக்குப் போய்க் கரண்டியைச் சரித்துக் காட்டத் தொடங்கினார் என்று பின்னர் கேள்விப்பட்டேன். என் பணிக்காலத்தில் இதைவிட மகிழ்ச்சி தந்த செய்தி எனக்கு நினைவில் இல்லை.

ஆகவே மறுபடியும் சொல்கிறேன், கரண்டியைச் சரித்துப் பாருங்கள். வழிந்தோடினால் தண்ணீர் அதிகம்.

இந்தப் பூசணி மசியலில் தேங்காய்ப்பால் சேர்ப்பது ருசிக்காக மட்டுமல்ல. பூசணியின் மஞ்சள் நிறத்தைத் தரும் சத்து உடலில் விற்றமின் ஏ ஆக மாறுகிறது. அது உடலில் சேரக் கொழுப்பு வேண்டும். தேங்காயின் முதற்பாலிலோ ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயிலோ அந்தக் கொழுப்பு கிடைக்கிறது. அந்த ஒரு தேக்கரண்டி எண்ணெயில் மட்டும் ஏறத்தாழ 40 கலோரி உண்டு. இளம் முருங்கையிலையை நன்றாக அவித்து அரைத்து இதோடு கலந்தால் இன்னும் சிறப்பு.

இரண்டாவது, கடலை மசியல். மாலை நேரத்தில் நாம் தாளித்துத் தின்னும் அதே கொண்டைக்கடலைதான். இரவு முழுவதும் ஊறவைத்து, விரலால் தொட்டதும் நசியும் வரை அவித்து, தோலை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, அவித்த நீரில் சிறிது விட்டு அம்மியில் வெண்ணெய் போல அரைக்க வேண்டும். தோலைக் கழற்றுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அதைத் தவிர்க்காதீர்கள், தோல் பிள்ளையின் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் சில துளி தேசிக்காய்ச் சாறு விடுங்கள். கடலையில் உள்ள இரும்புச்சத்தை உடல் நன்கு உறிஞ்சிக்கொள்ளத் தேசிக்காயின் விற்றமின் சி துணை செய்கிறது. இதே காரணத்தால்தான் பிளேன்டீயில் விசுக்கோத்தைத் தோய்த்துக் கொடுக்க வேண்டாம் என்று வீடு வீடாகச் சொல்லி வந்தேன். தேயிலைச் சாயம் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும்.

மூன்றாவது, நம் ஊரின் சட்டித் தயிர். பாலை நன்றாகக் காய்ச்சி உறைய வைத்த, புளிக்காத எருமைத்தயிரில் கொழுப்பும் புரதமும் நிறைய உண்டு. கனிந்த கப்பல் வாழைப்பழத்தையோ பப்பாசியையோ மசித்து அதில் கலந்தால் அடுப்பே தேவையில்லை. ஆனால் நாம் விட்டுக்கொள்ளும் பாணியும் சீனியும் பிள்ளைக்கு வேண்டாம். தயிர் கொடுக்கலாம் என்பதற்காக, ஒரு வயதுக்கு முன் பசுப்பாலையோ எருமைப்பாலையோ தாய்ப்பாலுக்குப் பதிலாகக் குடிக்கக் கொடுத்துவிடக் கூடாது.

மீன் மசியலைப் பற்றியும் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனெனில் வாவியும் கடலும் இருக்கும் ஊரில் ஒரு வயது வரை பிள்ளைக்கு மீன் காட்டாத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். விராலோ கொடுவாவோ எதுவானாலும், அவித்த சதையை வெள்ளைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் ஒவ்வொரு சிட்டிகையாக நசுக்கிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பிய முள் விரலுக்குத் தப்பாது. அதை வற்றாளங்கிழங்கோடு மசித்துத் தேங்காய்ப்பால் விட்டால் அருமையான மசியல். பிள்ளை பெற்ற தாய்க்குச் சுறா வறை கொடுப்பது நம் வழக்கம். ஆனால் சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் அதிகம் சேர்ந்திருப்பதால், பிள்ளையின் தட்டுக்குச் சிறிய மீன்களே நல்லவை.

புதிய உணவு எதையும் ஒவ்வொன்றாகத் தொடங்கி, இரண்டு மூன்று நாட்கள் கவனித்து அடுத்ததற்குப் போங்கள். தோலில் தடிப்பு, வாந்தி, முகவீக்கம் கண்டால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுவிடச் சிரமப்பட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கள். தொடக்கத்தில் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி போதும். பிறகு மெல்ல மெல்ல அரைக் கோப்பை வரை கூட்டலாம்.

மீன் பாடும் தேன்நாடு என்று பெருமை பேசும் நாம், தேனைப் பற்றி ஒன்றை உறுதியாக நினைவில் வைக்க வேண்டும். ஒரு வயது நிறையும் முன் பிள்ளையின் நாவில் ஒரு துளித் தேனும் வைக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்துகள் பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைத் தளரச் செய்து உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டு அடுப்பில் சூடாக்குவதால் அந்த வித்துகள் அழிவதில்லை. உப்பும் சீனியும்கூட முதல் வருடத்தில் வேண்டாம்.

நேரம் நெருங்கிவிட்டதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். சுத்தத்தைப் பற்றியும், நோயுற்ற பிள்ளைக்கு உணவு கொடுப்பதைப் பற்றியும் விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மசிக்கும் முன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். போத்தலும் சூப்பியும் வேண்டாம்; கோப்பையும் கரண்டியும் போதும். ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் செய்யுங்கள். நம் ஊர் வெக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே இருந்த மசியலையும், பிள்ளை தின்று மிஞ்சியதையும் அடுத்த வேளைக்கு எடுத்து வைக்க வேண்டாம். வயிற்றோட்டமோ காய்ச்சலோ வந்தால் உணவை நிறுத்தாமல் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுத்து, தாய்ப்பாலை இன்னும் கூடுதலாகக் கொடுங்கள். சுகமான பிறகு இரண்டு வாரமளவுக்கு நாளுக்கு ஒரு வேளை உணவு அதிகமாகக் கொடுங்கள். நன்றி, வணக்கம்.