கடைமடையில் உளுந்து

நேயர்களுக்கு வணக்கம்.

திருத்துறைப்பூண்டி காவிரிப் பாசனத்தின் கடைமடை, தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். தெற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, அதைத் தாண்டினால் கடல். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28இல் மூடிவிடுவார்கள். அதன்பின் வாய்க்கால் தண்ணீரை நம்ப முடியாது. ஆனாலும் சம்பா, தாளடி நெல் அறுத்த வயலில் உளுந்து விளைகிறது. களிமண்ணில் தங்கிய ஈரமும் தைப்பனியும்தான் அதற்குப் பாசனம்.

ஆகவே விதைக்கும் நாளைத் தவறவிடக் கூடாது. கையறுப்பு வயலென்றால் அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பே, நிற்கும் நெல்லுக்குள் தூவிவிட வேண்டும். மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும்: மிதித்தால் கால் தடம் பதியும், தடத்தில் தண்ணீர் ஊறாது. நீர் தேங்கினால் விதை அழுகும். மண் வெடித்துவிட்டால் முளைப்பே இராது. இயந்திர அறுவடைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. முன்கூட்டியே தூவினால் முளைத்த செடியைச் சக்கரம் நசுக்கிவிடும். வண்டி இறங்கும் நாளை உறுதி செய்துகொண்டு, அதை ஒட்டியே தூவுங்கள். வைக்கோல் குவிந்து கிடந்தால் உடனே பரப்பிவிடுங்கள்; குவியலுக்கு அடியில் முளை வெளுத்து வீணாகும்.

ஏக்கருக்கு 10 கிலோ விதை. ஆடுதுறை 3 இந்த நெல் தரிசுக்கு ஏற்ற பழைய ரகம், 70, 75 நாளில் வந்துவிடும். 200 கிராம் ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, விதையில் கலந்து, நிழலில் உலர்த்துங்கள். கஞ்சி சூடாக இருந்தால் நுண்ணுயிர் செத்துவிடும்.

அடியுரம் போட வழியில்லாத பயிர் இது. இலை வழியாகத்தான் ஊட்ட முடியும். 4 கிலோ டிஏபி உரத்தை முதல் நாள் மாலை சிறிது நீரில் ஊறவைத்து, தெளிவை மட்டும் இறுத்து, 200 லிட்டராக்கி ஏக்கருக்குத் தெளியுங்கள். பூக்கும்போது ஒருமுறை, 15 நாள் கழித்து இன்னொருமுறை. வெயில் தாழ்ந்த பிறகே தெளிக்க வேண்டும். உச்சி வெயிலில் இலை கருகும். மஞ்சள் தேமல் நோய் கண்ட செடியைத் தயங்காமல் பிடுங்குங்கள். வெள்ளை ஈ அதிலிருந்துதான் நோயை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். அறுவடை முடிந்ததென்று மாடுகளை அவிழ்த்துவிடும் வழக்கத்தையும் ஊரே சேர்ந்து பேசித் தள்ளிவைக்க வேண்டும். ஒருவர் வயலுக்கு மட்டும் காவல் போட்டுப் பயனில்லை.

விளைந்ததில் கொஞ்சம் வீட்டுக்கும் வையுங்கள். வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கு உளுந்தங்களி கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். தோலோடு வறுத்த உளுந்து நான்கு பங்கு, பச்சரிசி ஒரு பங்கு, இரண்டையும் திரியுங்கள். ஒரு தம்ளர் மாவை மூன்று தம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்த பிறகே அடுப்பில் ஏற்றுங்கள். கொதிநீரில் மாவைக் கொட்டினால் கட்டி விழும், பிறகு கரையாது. பாதி வெந்ததும் வடிகட்டிய வெல்லப்பாகு, பிறகு நல்லெண்ணெய் விட்டுக் கிண்டுங்கள். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்கலாம்.