படியால் அளக்காதீர்கள்

வணக்கம். கொடைக்கானல் ஏரிக்கரையில் பிள்ளையைக் குதிரை மேல் உட்காரவைத்துப் படம் எடுத்தவர்கள் நிறையப் பேர் இந்த வானொலிப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அந்தக் குதிரை ராத்திரி என்ன தின்கிறது என்று பேசத்தான் வந்தேன். முப்பது வருஷம் இந்த மலையில் கால்நடை வைத்தியம் பார்த்தவன் நான்.

வீட்டில் ஒரே டம்ளரில் பொரியையும் அரிசியையும் அளந்து கையில் ஏந்திப் பாருங்கள். அளவு ஒன்றுதான், கனம் ஒன்றா? குதிரைத் தீனியும் அப்படியே. ஒரு லிட்டர் டப்பா கோதுமைத் தவிடு கால் கிலோ தேறினால் அதிகம். அதே டப்பாவில் மக்காச்சோளம் முக்கால் கிலோவை நெருங்கும்.

ஒரு மே மாதம், நல்ல சீசன். நாயுடுபுரத்திலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு ஆள் வந்தது. கொட்டகையில் குதிரை முன்காலால் தரையைப் பறிக்கிறது, திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்க்கிறது, படுத்துப் புரளுகிறது. வலது அள்ளையில் காது வைத்தேன். நல்ல குதிரைக்கு அங்கே உலை கொதிக்கிற மாதிரி சத்தம் ஓயாமல் கேட்கும். அன்றைக்கு ஒன்றுமே இல்லை.

“என்னப்பா வெச்சீங்க?”

“எப்பவும் போல ரெண்டு டப்பாதான் சார். தவிடு தீர்ந்துபோச்சு, சோளம் போட்டேன்.”

எப்பவும் போல ரெண்டு டப்பா! அதுதான் ஆபத்து. குதிரைக்கு இரைப்பை சின்னது, எட்டிலிருந்து பதினைந்து லிட்டர்தான் கொள்ளும். வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கிறது. அந்தப் புளிப்பில் வயிறு கெடும், குளம்புக்குள் வீங்கும். மூக்கு வழியாகக் குழாய் விட்டு, விடியும்வரை பக்கத்திலேயே நின்று காப்பாற்றினோம். ஆனால் இரண்டு நாளில் முன்குளம்புகள் சுட ஆரம்பித்தன. அந்த சீசன் முழுக்க அது ஏரிக்கரைக்கு வரவில்லை.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: படியால் அளக்காதீர்கள், தராசில் நிறுத்துப் போடுங்கள். 250 கிலோ குதிரைக்கு ஒரு வேளைத் தானியம் ஒரு கிலோவைத் தாண்டக் கூடாது. மக்காச்சோளமென்றால் அரைக் கிலோவுக்கும் கீழே. வயிறு நிறைய வேண்டியது புல்லால்தான், காய்ந்த புல்லென்றால் ஒரு நாளைக்கு ஐந்து கிலோ. ‘கொள்ளென்றால் வாயைத் திறக்கும்’ என்று பழமொழியே இருக்கிறது. போதும் என்று அது சொல்லாது, நாம்தான் நிறுத்த வேண்டும். மழையில் சவாரி இல்லாமல் நிற்கும் நாளில் தானியத்தைக் குறையுங்கள், வேலை நாள் அளவு வேண்டாம். சுற்றுலா வந்தவர்களே, நீங்கள் தின்ற மக்காச்சோளக் கதிரில் மிச்சத்தை நீட்டாதீர்கள். ஆளுக்கொன்று கொடுத்தால் அதன் கணக்கு யார் கையிலும் இல்லை.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஊறவைப்பது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். சுருக்கமாக: கொள்ளை ராத்திரியே ஊறப்போட்டு வேகவைத்துக் கொடுங்கள். தண்ணீர் முதலில், தீனி அப்புறம். தீனியை மாற்றுவதென்றால் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். பூசணம் பிடித்த மக்காச்சோளம் ஒரு பிடிகூட வேண்டாம், அது மூளையைக் கெடுக்கும். வணக்கம்.