அதே 60 கிலோ இன்று ஏன் கனக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். சின்ன டப்பா ஒன்று, அதைவிட நாலு மடங்கு பெரிய டப்பா ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் மணல் போட்டு, தராசில் சரியாக ஒரு கிலோ வரும்படி வையுங்கள். வீட்டில் யாரையாவது கூப்பிட்டு, ஒவ்வொன்றாகத் தூக்கச் சொல்லுங்கள். சின்னதுதான் கனம் என்பார்கள். தராசில் நிறுத்துக் காட்டிய பிறகும் அப்படித்தான் சொல்வார்கள். பிரெஞ்சு மருத்துவர் ஷார்பாந்தியே 1891-இல் இதைப் பதிவு செய்தார்.

பெரியது கனக்கும் என்று நினைத்துக் கை கூடுதல் விசை கொடுக்கிறது, அது சட்டென்று மேலே வந்துவிடுவதால் லேசாகத் தோன்றுகிறது என்று வெகுகாலம் விளக்கம் சொன்னார்கள். 2000-இல் வந்த ஓர் ஆய்வு அதைக் கலைத்துப் போட்டது. சில தடவை தூக்கியதுமே விரல்கள் சரியான விசைக்குப் பழகிவிட்டன. சின்னதுதான் கனம் என்ற உணர்வு மட்டும் போகவில்லை. கைக்குப் புரிந்தது ஆளுக்குப் புரியவில்லை, பாருங்கள்!

சரி, ஜிம்முக்கு வருவோம். திங்கட்கிழமை 60 கிலோவைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டைச் சுலபமாகப் போட்டவருக்கு, தூக்கம் கெட்ட ஒரு ராத்திரிக்கு அப்புறம் அதே ராடு தோளில் ஏறும்போதே அழுத்துகிறது. பிளேட் மாறவில்லை. தசை களைத்திருந்தால், அதே பளுவுக்கு மூளை இன்னும் பலமாகக் கட்டளை அனுப்ப வேண்டும். கனம் என்று நாம் உணர்வதில் அந்த முயற்சிக்குப் பெரிய பங்கு உண்டு. சுவீடனைச் சேர்ந்த குன்னார் போர்க் 6 முதல் 20 வரை ஓர் அளவுகோல் வகுத்தது இந்த முயற்சியை எண்ணால் சொல்வதற்குத்தான். நம் ஊர் மாஸ்டர்கள், "இன்னும் எத்தனை தடவை போட்டிருப்பே?" என்று கேட்பதும் அதேதான். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தங்களால் முடிவதைவிடக் குறைத்தே சொல்வார்கள்.

முதல் சில வாரங்களில் தூக்கும் பளு மளமளவென்று கூடும், சட்டைக் கை மட்டும் இறுகாது. நரம்புகள் தசை இழைகளை ஒன்றுசேர வேலை வாங்கக் கற்றுக்கொள்ளும் காலம் அது.

இக்காய், ஸ்டைன்ஹாஸ் என்ற இருவர் 1961-இல் வெளியிட்ட சோதனையில், கையை மடக்கி இழுப்பவர் கத்தினாலும், அதற்குச் சற்றுமுன் துப்பாக்கி வெடித்தாலும் விசை ஓரளவு கூடியது. கிராமத்து இளைஞர்கள் பலம் காட்டத் தூக்கிய இளவட்டக்கல்லைச் சுற்றி நின்று ஊரே போட்ட கூச்சல் வீண்போகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதற்காக, மனது வைத்தால் எதையும் தூக்கலாம் என்று மேடையில் பேசுவதை நான் ஏற்க மாட்டேன். வேலூர் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஒரே மூச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச்சில் 149, முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, ஆக 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். அது வருஷக்கணக்கான பயிற்சி.

பளுவைப் பார்த்தாலே பயம் வருகிறது என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. வழக்கமாகப் போடுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஏற்றி, தோளில் வாங்கி, முட்டியை மடக்காமல் சில விநாடி நின்றுவிட்டு ஸ்டாண்டிலேயே வைத்துவிடுவது. அடுத்து வழக்கமான பளுவை எடுத்தால் பலருக்கும் அது லேசாகத் தெரியும். முதுகில் வலி இருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம். மற்றவர்களும் தனியாகச் செய்யாமல், பிடிக்க ஒரு ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.